"ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் பழகிடும்" என்று சொல்கிறவர்களுக்கு



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு பூனை விவகாரம் ஓடுகிறது. குழுவில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் என் தங்கை மகள், இரண்டு வருடம் முன்பு மழைநீர் வடிகாலில் கிடந்த ஒரு கருப்புப் பெட்டைப் பூனையைத் தூக்கி வந்து வளர்க்கிறாள். நம் மலை ஞாபகமாக அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். இப்போது நாலு வயது இருக்கும் என்கிறார் மருத்துவர். கருத்தடை ஆகிவிட்டது. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பினால் மிளகு கதவோரம் உட்கார்ந்து கத்துகிறதாம். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். அதே மிளகு, மாடிப்படியில் வேறொரு பூனையின் வால் தெரிந்தாலே உறுமுகிறது, கதவு நிலையில் சிறுநீர் பீய்ச்சுகிறது. "துணைக்கு இன்னொண்ணு வாங்கலாமா?" என்று அவள் குழுவில் கேட்டாள்.

வந்த பதில்களைப் பாருங்கள். "செம்மேட்டுல குட்டிக்கா பஞ்சம்? பெரியம்மாகிட்ட சொன்னா ஒண்ணு குடுத்து விடுவாங்க." "வெள்ளையா பாத்து எடு, கருப்புக்கு ஜோடியா இருக்கும்." "கடுவனா எடு, அதுகளுக்குள்ள ஒத்துப்போயிடும்." "ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் பழகிடும்." நான் "இப்போதைக்கு வேண்டாம்" என்று மட்டும் போட்டேன். அதற்கு, "வாத்தியாரம்மாவுக்கு இரக்கமே இல்லை" என்று ஒரு பதில், கூடவே சிரிப்புப் பொம்மை. இரக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பரீட்சைக்குப் படித்ததைவிடக் குறைவு, படியுங்கள்.

முதலில், பூனை கத்துவதற்குத் தனிமைதான் காரணம் என்று யார் முடிவு செய்தது? வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று அழுதால் முதலில் வயிறு வலிக்கிறதா, காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்போம். பக்கத்தில் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நாம் நினைத்ததில்லை. பூனைக்கும் அதேதான். சிறுநீர்ப்பை அழற்சி, பல் வலி, மூட்டு வலி, வயதான பூனைக்குத் தைராய்டு மிகுதி என்று எத்தனையோ காரணத்தால் அது கத்தும், கண்ட இடத்தில் சிறுநீர் விடும். மருத்துவர் பார்த்து உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மனசைப் பற்றிப் பேச வேண்டும்.

மனசு என்று வந்தாலும், சலிப்பு வேறு, தனிமை வேறு. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை பூட்டிய வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கிடக்கும் வேட்டைப் பிராணி அது. அதற்கு வேலை இல்லை என்பது ஒரு குறை. அதற்குத் தன் இனத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது முற்றிலும் வேறு விஷயம். முதல் குறைக்கு இரண்டாவது மருந்தைக் கொடுக்கிறோம். பிறகு பூனையைக் குறை சொல்கிறோம்.

"ஏனுங்க, எந்த உசிருக்கும் துணை வேணுமில்லையா?" என்று ஒரு மாணவர் தனியாகக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நாய்க்கு வேண்டும், மாட்டுக்கு வேண்டும், ஆட்டுக்கு வேண்டும். இவற்றின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்தவை. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. அது தனியாக வேட்டையாடி, தனக்கென்று ஒரு வட்டாரம் வைத்துக்கொண்டு, அந்த எல்லையில் வாசனையைத் தடவி வைத்து வாழ்கிற பிராணி. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறையின் அருகில் ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவ்வளவு காலப் பழக்கம் நமக்கும் அதற்கும். ஆனாலும் அது நம்மோடு பழகிக்கொண்டதே தவிர, முன்பின் தெரியாத இன்னொரு பூனையோடு பழகியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதன் இரத்தத்தில் ஏறவில்லை.

"அப்படின்னா சந்தையில பத்துப் பூனை ஒண்ணா திரியுதே?" என்பார்கள். சோளக்காடு சந்தைப் பக்கம் போனால் நானும் பார்க்கிறேன். உற்றுப் பாருங்கள். ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு, ஒட்டிப் படுத்திருப்பவை பெரும்பாலும் தாயும் மகளும் அக்காளும் தங்கையும். தீனி ஒரே இடத்தில் நிறையக் கிடைத்தால் பெட்டைகள் இப்படிச் சொந்தத்தோடு சேர்ந்து வாழும். ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பதும் உண்டு. ஆனால் வெளியூர்ப் பூனை ஒன்று உள்ளே நுழையட்டும், எல்லாம் சேர்ந்து விரட்டும். இன்னொன்றும் உண்டு. சந்தையில் பிடிக்காத பூனையைக் கண்டால் கூரை மேல் ஏறிவிடலாம், மதில் தாண்டிவிடலாம், அடுத்த தெருவுக்கே போய்விடலாம். சென்னை மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் எங்கே போகும்? சந்தைப் பூனையைக் காட்டி அடுக்குமாடிப் பூனைக்கு நியாயம் பேசக்கூடாது.

அதிலும் மிளகு மாதிரித் தூக்கி வந்த பூனை என்றால் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். குட்டி பிறந்து 2 முதல் 7 வாரம் வரை உள்ள காலத்தில்தான் எதையெல்லாம் நண்பனாக ஏற்பது என்று அதன் மூளையில் பதிகிறது. அந்த வயதில் மற்றப் பூனைகளோடு நல்லபடியாக இருந்ததா, தெருவில் அடிபட்டு ஓடியதா, யாருக்கும் தெரியாது. பசித்துத் திரிந்த பூனைக்கு எல்லை என்றால் சோறு. அது கதவு நிலையில் சிறுநீர் பீய்ச்சுவது திமிர் கிடையாது. "இது என் வீடு, இது பறிபோய்விடக்கூடாது" என்ற பயத்தில் செய்கிறது. அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் பதில், அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு அந்நியனைக் கொண்டுவந்து விடுவது. இதற்குப் பெயர் இரக்கமாம்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள், ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கிளம்பும்போது மிளகு, அன்னாசி, பலாப்பழம் கேட்கிறார்கள். சந்தோஷமாகக் கொடுக்கிறோம். அதே மூச்சில், "குட்டி இருந்தா ஒண்ணு குடுங்க" என்றும் கேட்கிறார்கள். ஐந்து வாரம் ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, பேருந்தில் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. நமக்கே தலை சுற்றுகிற பாதை. அந்தக் குட்டி எச்சில் ஒழுக்கி, வாந்தி எடுத்து, மூத்திரத்தில் நனைந்து காரவள்ளியில் இறங்கும்போது என்ன நிலையில் இருக்கும்? அப்படியே கொண்டுபோய் ஏற்கெனவே பூனை உள்ள வீட்டு நடுக்கூடத்தில் சாக்கை அவிழ்த்துக் கொட்டுகிறார்கள். "அறிமுகம்" முடிந்துவிட்டது.

இப்படி இங்கிருந்து போன ஒரு குட்டியின் முடிவு எனக்குத் தெரியும். உறவு வீடு, பெயர் வேண்டாம். வீட்டில் இருந்த ஏழு வயதுப் பூனைக்குத் துணையாகப் போனது. மூன்றாம் நாள் குட்டிக்கு வாந்தியும் பேதியும். பூனைகளுக்கு வரும் பார்வோ நோய். ஐந்தாம் நாள் செத்தது. தடுப்பூசி போடாத பெரிய பூனையும் அடுத்த வாரம் படுத்துவிட்டது. பிழைத்தது, ஆனால் அதன் பிறகு கட்டிலடியை விட்டு வெளியே வர இரண்டு மாதம் ஆனது. அந்த வீட்டில் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "மலைக்குட்டி, ஊர்த் தண்ணி ஒத்துக்கல." தண்ணீர் மேல் பழி போட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூடத் தங்கும். அந்த வீட்டுக்கு அடுத்த குட்டி அனுப்பச் சொல்லியும் எனக்குப் போன் வந்தது. நான் அனுப்பவில்லை.

அடுத்தது, "ரெண்டு நாள் அடிச்சுக்கும்" என்பவர்கள். உங்களுக்குத்தான் இந்தக் கடிதத்தின் தலைப்பே. அமெரிக்காவில் காப்பகத்திலிருந்து பூனை எடுத்துப்போனவர்களைக் கேட்டு 2005-ல் ஒரு ஆய்வு வெளியானது. புதுப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்தபோது ஏறக்குறையப் பாதி வீடுகளில் நகமும் பல்லுமாகச் சண்டை. முதல் சந்திப்பு சண்டையாகத் தொடங்கியிருந்தால் பின்னாலும் சண்டை தொடர்வதற்கு வாய்ப்பு கூடுதல் என்றும் சொன்னார்கள். அதாவது, அடித்துக்கொள்ள விட்டால் பழகும் என்பது நேர்மாறு. முதல் நாள் அடி, அடுத்த நாள் பகை. நம் வீட்டு மனிதர்களிடமே பார்த்திருக்கிறோமே, கல்யாணத்தில் பந்தியில் தொடங்கிய சண்டை மூன்று தலைமுறை ஓடியதை.

"எங்க வீட்ல சண்டையே இல்லையே" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் சத்தம் இல்லை என்பதாலேயே சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அடிக்கிறவனை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வார்த்தை பேசாமல் வெறும் பார்வையிலேயே பக்கத்துப் பிள்ளையை நடுங்க வைப்பவனைக் கண்டுபிடிக்கத்தான் வாத்தியார் வேண்டும். பூனையிலும் அப்படி உண்டு. ஒன்று நடைவழியில் குறுக்கே படுத்திருக்கும். இன்னொன்று மணல் தட்டுக்குப் போகவேண்டும், ஆனால் அதைத் தாண்டிப் போகப் பயம். அடக்கிக்கொண்டு கிடக்கும். சாப்பாட்டுக்குக் கடைசியில் வரும், வேகமாக விழுங்கிவிட்டு ஓடும். அலமாரி மேலேயே நாள் முழுக்க இருக்கும். நாம், "பாருங்க, அது பாட்டுக்கு அது இருக்கு, இது பாட்டுக்கு இது இருக்கு" என்று பெருமைப்படுவோம்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். மன உளைச்சலால் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரும். கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகல் என்பதால் அடைத்துக்கொள்ளும். முக்கி முக்கி உட்காரும், ஒரு சொட்டும் வராது. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். அடைப்பு எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். கடுவன் பூனை மூத்திரம் போகவில்லை என்றால் அன்றே மருத்துவமனை, விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நாமக்கல்லைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சரி, துணையே கூடாது என்கிறேனா? இல்லை. சில பூனைகளுக்குச் சரியான துணை அமைந்தால் அவை சேர்ந்து விளையாடி, ஒட்டிப் படுத்து, நிம்மதியாக இருப்பது உண்மை. என் சண்டை துணையோடு கிடையாது, நீங்கள் துணையைத் தேர்ந்தெடுக்கும் லட்சணத்தோடு. நிறம் பார்க்கிறீர்கள், கண் நீலமா பார்க்கிறீர்கள், ஆணா பெண்ணா என்று பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதை ஒன்றும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது இவை.

குணம். மிளகுக்கு வரவேண்டியது, வேறு பூனைகளோடு ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்து பழகிய, பெரிய பூனை. அதைச் சில மாதமாவது வைத்துப் பார்த்தவர், "இது விரட்டாது, விரட்டினால் விலகிப் போகும், ஆனால் பயந்து ஒடுங்கியும் கிடக்காது" என்று சொல்ல முடியவேண்டும். சாக்கில் வருகிற குட்டிக்கு இந்தச் சான்றிதழை யார் கொடுப்பது?

வயதும் வேகமும். வேகம் ஒத்துப்போகவேண்டும். குட்டிக்கு விளையாட்டு என்றால் பாய்ந்து கடிப்பது. வயதான பூனைக்கு அது தாக்குதல். "குட்டின்னா பெரிசு ஏத்துக்கும்" என்கிறார்கள். பாதி உண்மை. சிறு குட்டியைப் பெரிய பூனை போட்டியாக நினைக்காமல் விட்டுவிடுவது உண்டு. ஆனால் குட்டி குட்டியாகவே இருக்குமா? 2 வயதுக்கு மேல் 4 வயதுக்குள் பூனைக்கு அதன் முழு மனமுதிர்ச்சி வரும். அப்போதுதான் இடத்துக்காக எதிர்த்து நிற்கும். இரண்டு வருடம் ஒற்றுமையாக இருந்தவை திடீரென்று அடித்துக்கொள்கின்றன என்று வந்து நிற்பவர்கள் பலரும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

கருத்தடை. ஆணா பெண்ணா என்பதைவிட, இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. "கருத்தடை பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்கிற அத்தைமார்களுக்கு ஒரு கணக்கு. பெட்டைக்கு நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம். சுமார் 9 வாரத்தில் ஈனும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. ஈற்றுக்கு நாலு என்று வைத்தாலும் ஒரே பெட்டை ஒரு வருடத்தில் எட்டு, பன்னிரண்டு. இதில் எத்தனைக்கு நீங்கள் வீடு தேடிக் கொடுத்தீர்கள்? மீதியை மலைப்பாதை வளைவில் விட்டுவிட்டு வருகிறவர்கள் பாவத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

உடம்பு. எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்று பூனைகளுக்கு இரண்டு வைரஸ் உண்டு. முதலாவது பெரும்பாலும் கடியில் பரவும். இரண்டாவது எச்சிலில், நக்குவதில், ஒரே கிண்ணத்தில் பரவும். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதனை, தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி, குடற்புழு மருந்து, இரண்டு வாரம் தனி அறை. இதெல்லாம் முடியாமல் ஏற்கெனவே உள்ள பூனையின் முகத்தில் புதுசைக் காட்டக்கூடாது.

ஒப்பந்தம். "ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். சென்னையில் 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் முதல் தன் வீட்டில் நாலு பூனையை வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் தனி ஆட்கள் வரை இருக்கிறார்கள். அங்கே போய் நேரில் உட்கார்ந்து பூனையின் நடத்தையைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். நகரத்தில் ஒரு பூனைக்கு வீடு கிடைத்த மாதிரியும் ஆகும். எழுபது வளைவு தாண்டிக் குட்டி கடத்த வேண்டிய அவசியமே இல்லை.

இதற்குப் பிறகு சேர்த்து வைக்கும் முறை. பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் அடையாளம். கன்னத்தைச் சுவரில் தேய்ப்பதும், நகத்தால் கீறுவதும் வாசனை வைக்கத்தான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டில் ஒன்று மருத்துவமனை போய் மருந்து வாசனையோடு திரும்பினால், மற்றது அடையாளம் தெரியாமல் சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அறிமுகம் மூக்கில் தொடங்கவேண்டும். புதுப் பூனைக்குத் தனி அறை, தனிச் சோறு, தனி மணல் தட்டு. ஒன்று படுத்த துணியை மற்றதன் பக்கத்தில் போடுங்கள். மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நல்ல தீனி வையுங்கள். அந்த வாசனை வந்தால் நல்லது நடக்கும் என்று இரண்டும் நினைக்கவேண்டும். சீறாமல் சாப்பிடத் தொடங்கினால் கொசுவலைக் கதவு வழியாகப் பார்க்க விடுங்கள். பிறகுதான் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நேரில். ஒன்று முறைத்தால் நடுவில் ஒரு அட்டையை வைத்து மறையுங்கள், கையை விடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு பூனைதான் சொல்லும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

மணல் தட்டு, பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். இரண்டு பூனைக்கு மூன்று, மூன்றும் வெவ்வேறு மூலையில். சோற்றுக் கிண்ணமும் தண்ணீரும் தனித்தனி இடத்தில். ஏறி உட்கார உயரமான இடம் இரண்டு. பரணைக் காலி செய்து ஒரு மூலை ஒதுக்கினாலே போதும். இவ்வளவுக்கு வீட்டில் இடமில்லை என்றால் இரண்டாவது பூனைக்கும் இடமில்லை என்று அர்த்தம்.

சட்டம் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு, அதையும் சொல்கிறேன். மதுரையில் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். விலங்கு வதைக்கு எதிராக 1953-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னபின் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பலனாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவில், துன்பம் தரும் விதமாக விலங்கை வண்டியில் கொண்டுபோவதும் குற்றம், பசியில் தாகத்தில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். சாக்குக் குட்டியும் குற்றம், வளைவில் விட்ட பூனையும் குற்றம். அபராதம் எவ்வளவு என்று சிரித்துவிடாதீர்கள். முதல் தடவைக்கு அதிகபட்சம் 50 ரூபாய் என்றுதான் எழுதினார்கள். அபராதம் ஐம்பது ரூபாய் என்பதால் குற்றமும் ஐம்பது ரூபாய்க்கானது ஆகிவிடாது.

வளைவில் விட்டால் "காட்டில் பிழைச்சுக்கும்" என்று சொல்லாதீர்கள். வீட்டில் கிண்ணத்தில் தின்ற பூனை காட்டில் பிழைப்பது கஷ்டம். நாய் அடிக்கும், வண்டி அடிக்கும், பசி அடிக்கும். தப்பித்துப் பிழைத்தால் நம் மலைப் பறவைகளையும் ஓணான்களையும் அடித்துத் தின்னும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

இனி தங்கை மகளுக்கு. கண்ணு, நீ கேட்டதில் தப்பில்லை. மிளகு கத்துவது உன் காதில் விழுந்ததே, அதுவே பெரிசு. முதலில் மருத்துவரிடம் காட்டு, சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல். உடம்பு சரி என்றால், காலையில் கிளம்பும் முன்னும் இரவு வந்த பிறகும் பதினைந்து நிமிடம் கயிற்றில் இறகு கட்டி ஓட விடு, பிடிக்க விடு, உடனே சோறு வை. வேட்டையாடி, தின்று, தூங்குவதுதான் அதன் ஒழுங்கு. தேங்காய்நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டை வாசலோரம் வை, கீறட்டும். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் ஐந்தாறு இடத்தில் ஒளித்து வை, தேடித் தின்னட்டும். ஜன்னலில் வலை அடித்து ஒரு பலகை போடு. மாடிப்படி தெரிகிற கண்ணாடிக்கு மட்டும் காகிதம் ஒட்டு, வெளிப்பூனையைப் பார்த்துப் பதறுவது குறையும். சிறுநீர் பட்ட இடத்தை நொதி கலந்த திரவத்தால் கழுவு. பினாயில் ஊற்றினால் வாசனை முழுக்கப் போகாது, திரும்ப அதே இடத்துக்கு வரும். இரண்டு மாதம் இதைச் செய். அதன் பிறகும் கத்தினால், அப்போது துணையைப் பற்றிப் பேசுவோம். நான் மேலே எழுதிய வரிசைப்படி பேசுவோம்.

மற்ற எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு. இந்த வருடம் ஆடிக்கு வருகிறவர்கள் மிளகு கேளுங்கள், காப்பிக்கொட்டை கேளுங்கள், சாமை அரிசி கேளுங்கள். பூனைக்குட்டி கேட்டால் நான் நாலு கேள்வி கேட்பேன். வீட்டில் உள்ள பூனைக்குத் தடுப்பூசி ஆகிவிட்டதா? இரண்டுக்கும் கருத்தடைச் செலவு யார் கையில்? இரண்டு வாரம் தனி அறை எது? ஒத்துவராவிட்டால் குட்டி எங்கே போகும்? நாலுக்கும் பதில் சொன்னவருக்கு, குட்டிக்கு மூன்று மாதம் ஆகி ஊசி போட்ட பிறகு, காற்று போகிற கூடையில் வைத்து நானே கீழே வரை கொண்டுவந்து கொடுக்கிறேன். பதில் சொல்லாமல் "வாத்தியாரம்மா ரொம்பக் கண்டிப்பு" என்பவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகக் கேட்ட பேச்சுதான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சிரிப்புப் பொம்மை மட்டும் போடாதீர்கள்.